காத்திருப்பின் கூலி

ஒரு வேலை எந்த வழியாக நடந்து முடிகிறது என்பதைத் தாளில் வரைந்து பார்க்கும் வழக்கத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1921 டிசம்பரில், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி இதைப் பற்றிய கட்டுரையை முன்வைத்தார்கள். கணவர், கல்லூரிக்குப் போகாமல் பதினேழு வயதில் கொத்தனார் வேலைக்குப் போனவர். மனைவி உளவியல் படித்தவர். வேலையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குறி என்று அவர்கள் வகுத்துக்கொண்ட குறிகள் ஏராளம். 1947இல் அதே சங்கம் அவற்றை ஐந்தாகச் சுருக்கித் தரப்படுத்தியது. செய்தால் வட்டம், எடுத்துச்சென்றால் அம்பு, சரிபார்த்தால் சதுரம், இருப்பில் வைத்தால் தலைகீழ் முக்கோணம், காத்திருந்தால் ஆங்கில 'டி' எழுத்து.

இந்த ஐந்தாவது குறியை நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன். எதுவும் நடக்காத நேரத்துக்கும் ஒரு குறி வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் கூலிக்கு ஒரு பத்தி உண்டு, சரக்குக்கு, வாடகைக்கு, வட்டிக்கு உண்டு. காத்திருப்புக்குக் கிடையாது. பத்தி இல்லாத செலவை யாரும் எழுதுவதில்லை; எழுதாததால் அந்தச் செலவு இல்லாமல் போவதுமில்லை. ஏதோ ஓரிடத்தில் ஒரு பொருளோ தாளோ மனிதரோ சும்மா நின்றால், வேறோர் இடத்தில் யாரோ ஒருவர் அதற்கான கூலியைத் தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஃப்ளோ சார்ட் என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட பணிப்போக்குப் படத்தின் உண்மையான பயன் அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. லாபம் கூடுவது பிறகு வருவது; வரவும் செய்யும்.

காத்திருப்பு எவ்வளவு பெரியது என்பது வரைந்து பார்க்கும்வரை தெரியாது. டொயோட்டா ஆலைகளில் புழங்கிய பொருள், தகவல் ஓட்டப் படங்களை மற்றவர்களுக்குக் கற்பிக்க மைக் ராதரும் ஜான் ஷூக்கும் 1990களின் இறுதியில் ஒரு கையேடு எழுதினார்கள். அதில் பாடத்துக்காக ஒரு கற்பனைத் தொழிற்சாலை வருகிறது. காருக்கான இரும்பு உதிரிபாகம் செய்யும் இடம். எஃகுச் சுருள் உள்ளே வந்து, உதிரிபாகமாகி வெளியேற 23.6 நாள் ஆகிறது. அதில் மனிதக் கையோ இயந்திரமோ அதன்மேல் பட்டு வேலை நடக்கும் நேரம் 188 வினாடி. மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகம். மீதி நாளெல்லாம் அது பெட்டியில், தரையில், அடுத்த இயந்திரத்தின் அருகில் கிடக்கிறது. இந்தக் கணக்கைப் படித்த எந்த ஆலை மேலாளரும், என் ஆலையில் அப்படி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதுதான் அந்தக் கையேட்டின் வலிமை. படத்தைப் பென்சிலால் வரையச் சொல்கிறார்கள். சரக்கு வெளியேறும் வாசலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்தே போய் வரையச் சொல்கிறார்கள். அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்தால், வேலை நடக்க வேண்டிய விதம்தான் தாளில் விழும். நடக்கும் விதம் விழாது.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுக்கிறார்கள். ரோலாக வரும் துணி டையிங்குக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங் அல்லது எம்ப்ராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. ஒரு வேலை ஒரு வீதியில், அடுத்தது ஊரின் மறுகோடியில். துணி டெம்போவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டைத் தைத்து முடிக்க ஆவது நிமிடக் கணக்கு. ஓர் எக்ஸ்போர்ட் ஆர்டர் முடிய ஆவது மாதக் கணக்கு. இரண்டுக்கும் இடையில் இருப்பதில் பெரும்பங்கு காத்திருப்பு. நிறச் சாம்பிள் கடல் கடந்து போய், பையர் சரி என்று சொல்லும்வரை காத்திருப்பு. டையிங்கில் முன்னால் நிற்கும் ஆர்டர்கள் முடியும்வரை காத்திருப்பு. ஷேடு மாறிப்போனால் மறுபடியும் அதே வரிசை. துணி வந்துவிட்டது, லேபிள் வரவில்லை. லேபிள் வந்துவிட்டது, பட்டன் வரவில்லை.

ஆனால் கப்பல் தேதி நகராது. சரக்கு தவறினால் விமானத்தில் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும், அல்லது பையர் கேட்கும் தள்ளுபடியைக் கொடுக்க வேண்டும். ஆகவே முன்பகுதியில் தொலைந்த நாட்கள் எல்லாம் பின்பகுதியின் தலையில் வந்து விழுகின்றன. தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற கடைசிக் கட்டங்கள்தான் நெருக்கப்படும் இடம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது சாதாரணச் சொல். காலையில் வேலைக்கு வருபவர் இரவு வீடு திரும்புவார். சரக்குப் போக வேண்டிய வாரத்தில் அதுவும் போதாமல் விடிய விடிய வேலை ஓடும். டையிங் வாசலில் துணி ரோல்கள் சும்மா கிடந்த ஐந்து நாள், பவர் டேபிளில் ஒரு டெய்லரின் ஐந்து இரவாக மாறுகிறது. துணிக்குக் கிடைத்த ஓய்வுக்கு அவர் தூக்கத்தால் கூலி கொடுக்கிறார்.

உற்பத்தித்திறன் கூட வேண்டும் என்று நினைக்கும் முதலாளி பெரும்பாலும் எங்கே போய் நிற்கிறார்? அந்த டெய்லரின் முதுகுக்குப் பின்னால், கடிகாரத்தோடு. ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் என்று எண்ணுகிறார்கள். மணிக்கு 40 பீஸ் 44 ஆனால் மகிழ்ச்சி. அந்த நான்கு பீஸால் மொத்த ஆர்டரின் காலத்தில் எத்தனை நாள் குறையும் என்று கணக்குப் போட்டால், குறைவது மிகச் சொற்பம் என்று தெரியும். டையிங்குக்கு முன்னால் நிற்கும் வரிசையில் ஒரு நாளைக் குறைத்தால் ஒரு நாள் முழுசாகக் குறையும். ஆனால் வரிசைக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை. டெய்லர் கண்ணெதிரே இருக்கிறார். எளிதில் பார்க்க முடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பது நிர்வாகத்தின் பழைய நோய். ஊரெல்லாம் அலையும் ஒரு துணி ரோலின் பின்னால் போக வேண்டுமானால் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

தொழிலாளியின் பின்னால் கடிகாரத்தோடு நிற்கும் வழக்கம் தொடங்கிய காலத்திலேயே அதற்கு எதிர்ப்பும் வந்தது. வேலையை நேரம் அளந்து நிர்வகிக்கும் முறையை வகுத்த பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லரைப் பின்பற்றி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் 1911 ஆகஸ்டில் வார்ப்புத் தொழிலாளர்களை ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தார்கள். அவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1915இல் அரசுத் தளவாட ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் ஆய்வுக்குப் பணம் செலவிடக் கூடாது என்று நிதிச் சட்டத்திலேயே தடை சேர்த்தார்கள். முன்னேற்றத்தை விரும்பாதவர்கள் என்று அந்தத் தொழிலாளர்களைப் பற்றி மேலாண்மைப் புத்தகங்கள் எழுதுவதுண்டு. நான் அவர்கள் பக்கம். ஒருவரின் கைகளை மட்டும் அளந்து, அந்தக் கைகளுக்குப் பொருள் எப்போது வந்து சேர்ந்தது என்பதை அளக்காத ஆய்வு பாதி உண்மையைத்தான் சொல்லும். பாதி உண்மையை வைத்துக் கூலி நிர்ணயிப்பது அநீதி.

படத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் அதே அளவு முக்கியம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் படத்தை யார் வரைந்திருந்தாலும், துணி உள்ளே போவதும் நிறத்தோடு வெளியே வருவதும் அதில் இருந்திருக்கும். சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்ற அம்பு, தாளின் ஓரத்தைத் தாண்டியிருக்கும். அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றுக்குப் போயிற்று. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது; விவசாயிகளே அணை நீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அதுவரை படத்தில் இல்லாத ஆறு ஒரே நாளில் படத்தின் நடுவுக்கு வந்தது. சாயம் போடுவதற்காகக் கம்பெனிக்காரர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். அந்த அம்பை முதலிலேயே வரைந்திருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். கீழ்மடையில் கிணறு வைத்திருந்தவர்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த கூலி அது. தொழிலின் கணக்குக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

அரசு அலுவலகம் பக்கம் வந்தால், அங்கே படத்துக்கான விவரம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது. சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் அறியப்படும் அலுவலக நடைமுறை வழிவழியாக வந்தது. அதன் உயிர் தன்பதிவேடு. ஒவ்வோர் எழுத்தரும் தனக்கு வந்த தாள் என்றைக்கு வந்தது, என்றைக்கு மேலே சமர்ப்பிக்கப்பட்டது, யாருக்குக் கடிதம் போயிற்று, பதில் என்று வந்தது, எப்படி முடிந்தது என்று தேதி வாரியாக அதில் எழுத வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தேதிகளைக் கழித்துப் பார்த்தால் அந்தத் தாளின் முழு வாழ்க்கையும் தெரிந்துவிடும். எழுத்தர் குறிப்பு எழுத ஒரு மணி நேரம், கையெழுத்துக்கு ஒரு நிமிடம், இரண்டுக்கும் நடுவே இருபது நாள். நூறாண்டுக்கு முந்தைய ஒரு நிர்வாகம் இவ்வளவு நுட்பமான கருவியைச் செய்து வைத்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், அதை எழுத்தரைக் கண்டிக்கப் பயன்படுத்திய அளவுக்குப் பாதையைத் திருத்தப் பயன்படுத்தவில்லை.

வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த சூத்திரம் ஒன்று உண்டு. மிக எளிமையானது. ஓரிடத்தில் 300 மனுக்கள் நிலுவையில் இருந்து, நாளுக்குப் பத்து முடிகிறது என்றால், ஒரு மனு அங்கே சராசரியாக 30 நாள் இருக்கும். இந்தக் கணக்குக்குள் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. நாளுக்குப் பத்துதான் முடியும் என்ற நிலை மாறாமல் ஒரு மனு மட்டும் மூன்று நாளில் முடிகிறது என்றால், அது தாண்டி வந்த நாட்கள் மற்ற மனுக்களின் மேல் ஏறிவிட்டன. சிபாரிசு வேலையைக் கூட்டுவதில்லை, காத்திருப்பை இடம் மாற்றுகிறது. யாரையும் தெரியாதவருடைய வாரிசுச் சான்றிதழ்தான் கட்டின் அடியில் கிடக்கும். கணவரை இழந்த ஒரு பெண், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று நடக்கும்போது, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மனுவின் பாதையை வரைபவர்கள் அந்தப் பெண்ணின் பாதையையும் அதே தாளில், அதற்கு இணையாக வரைய வேண்டும். அப்போதுதான் இணையத்தில் மனு வாங்கத் தொடங்கியதால் குறைந்தது என்ன, குறையாமல் நிற்பது என்ன என்று தெரியும்.

படம் வரைந்தால் நன்மைதான் விளையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஃபோர்டு. எண்பதுகளில் வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் ஃபோர்டு 500 பேருக்கு மேல் வைத்திருந்தது. தான் பங்கு வைத்திருந்த மாஸ்டாவில் அந்த வேலையை 5 பேர் பார்த்தார்கள். அளவில் மாஸ்டா சிறியது என்றாலும் வித்தியாசம் விளங்கவில்லை. பாதையை வரைந்தபோது விளங்கியது. ஆர்டர் தாள், சரக்கு வந்த ரசீது, சப்ளையரின் பில் என்ற மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும், ஒத்துப்போகாதவற்றின் பின்னால் அலைவதுமே அந்த 500 பேரின் வேலை. ஃபோர்டு பில்லையே ஒழித்தது. சரக்கு இறங்கும் இடத்தில் ஆர்டரோடு கணினியில் ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றால் செக் போய்விடும். ஆட்கள் நான்கில் மூன்று பங்கு குறைந்தார்கள். மைக்கேல் ஹேமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையால் இது உலகப் புகழ் பெற்றது. ஒரு வேலையை வேகமாகச் செய்வது எப்படி என்று கேட்பதற்கு முன்னால் அந்த வேலை எதற்கு என்று கேட்க வேண்டும் என்ற பாடம் அருமையானது. அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய கம்பெனிகள் ஆட்குறைப்புக்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்ததாகவே அதை எடுத்துக்கொண்டன. மனிதப் பக்கத்தை உரிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று ஹேமரே 1996இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் பலர் வேலை இழந்துவிட்டிருந்தார்கள்.

மதுரைக்கு வருகிறேன். பணிப்போக்கைப் பற்றி எழுதும் தமிழர் எவரும் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டிப் போக முடியாது. டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல், 58 வயதை நெருங்கும்போது 11 படுக்கைகளோடு தொடங்கியது. இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் விரல்களைத் திருகிவிட்டிருந்தது. மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர் கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களுக்குப் பொருந்தும் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் செய்தார். ஒவ்வோர் அசைவுக்கும் வலியால் விலை கொடுத்த ஒருவர் வீண் அசைவைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அவருடைய நிர்வாக முறையின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அங்கே கண்புரை அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராகிவிடுவார். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பினால் அடுத்தது தொடங்கும். மருத்துவர் ஆள் வருவதற்காகவும் கருவி வருவதற்காகவும் காத்திருப்பதில்லை. ஃபிராங்க் கில்பிரெத்தும் அறுவை அரங்குகளைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். மருத்துவர் கருவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, செவிலியர் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று சொன்னவர். மதுரையில் அந்தச் சிந்தனை அதன் எல்லைவரை போனது. அரவிந்த் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2000 கண்புரை அறுவைகள் செய்கிறார் என்பது பலமுறை பதிவான கணக்கு. நாட்டின் பொதுச் சராசரி அதில் சிறு பங்கே.

மருத்துவர் காத்திருக்கக் கூடாது என்பது எல்லா மருத்துவமனைகளிலும் எழுதப்படாத விதிதான். மற்ற இடங்களில் அந்த விதிக்குக் கூலி கொடுப்பவர் நோயாளி. காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அரவிந்தில் அந்தக் கூலியை நிறுவனமே ஏற்றது. மேஜையை இரண்டாக்கியது. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்தது. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடிப் பவர் கணக்கிடுவது, அறுவைக்குத் தயார் செய்வது, பயப்படுகிறவரிடம் உட்கார்ந்து விளக்குவது எல்லாம் அவர்கள் கையில். ஓட்டத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் அந்தப் பெண்கள். ஊடகங்கள் மருத்துவர்களின் எண்ணிக்கைகளைக் கொண்டாடுகின்றன. இந்தப் பெண்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது, அவர்களுக்கு மேலே போக எந்தப் படி இருக்கிறது என்பதையும் யாராவது அதே அக்கறையோடு வரைந்து எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய காரியம், படத்தின் தொடக்கப் புள்ளியை அவர்கள் மருத்துவமனை வாசலில் வைக்கவில்லை என்பது. கண்புரை வந்த ஒரு கிராமத்து முதியவர் பார்வையை இழந்து வருடக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் காத்திருப்பு எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் வராது. அறுவை இலவசம் என்று சொன்னால் மட்டும் அவர் வந்துவிட மாட்டார். பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி என்று எத்தனையோ தடைகள். ஆகவே முகாம், அங்கிருந்தே வண்டி, தங்க இடம், உணவு என்று பாதை கிராமம்வரை நீண்டது. 1992இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே செய்ததும் இதே தர்க்கத்தால்தான். இறக்குமதி லென்ஸின் விலை குறையும்வரை ஏழைகள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு காத்திருக்க வேண்டியிருந்தது. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் வந்தன. அங்கே இருப்பவரைத் தொலைவிலிருக்கும் மருத்துவர் திரையில் பார்க்கிறார்.

இதைப் படிப்பவர்களில் சிலர் அச்சகம் நடத்துகிறவர்களாக, பனியன் கம்பெனி நடத்துகிறவர்களாக, ஓர் அலுவலகத்தில் பிரிவுத் தலைவராக இருக்கலாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மென்பொருள் வாங்குவதற்கும் ஆலோசகரை அழைப்பதற்கும் முன்னால், ஒரே ஓர் ஆர்டரை, அல்லது ஒரே ஒரு மனுவை, அது முடியும் இடத்திலிருந்து பின்னோக்கித் தொடர்ந்து செல்லுங்கள். அது நின்ற ஒவ்வோர் இடத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் நின்றது, அதற்காகப் பிறகு யார் ஓடினார். இரண்டாவதற்கு விடை உங்களுக்குத் தெரியாது. செக்கிங் மேஜையில் நிற்பவருக்கும் பைண்டிங் செய்பவருக்கும் கடைநிலை எழுத்தருக்கும் தெரியும். படத்தை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் அடித்துத் திருத்த ஒரு பென்சிலும், அப்படித் திருத்தியதால் யார் வேலையும் போகாது என்ற உங்கள் வாக்கும் கூடவே கொடுங்கள்.